அம்மாவுக்கும் ஔவைக்கும் நடுவில்

தமிழ் உயிரெழுத்து அட்டையில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். முதல் கட்டத்தில் அம்மா, பன்னிரண்டாம் கட்டத்தில் ஔவையார். நடுவில் ஆடு, இலை, ஈ, உரல், ஊஞ்சல், எலி, ஏணி, ஐவர், ஒட்டகம், ஓடம். அச்சகத்துக்கு அச்சகம் படங்கள் மாறும். சிலவற்றில் அம்மாவின் இடத்தில் அணில் உட்கார்ந்திருக்கும். நான் ஒரு வாரம் இருந்து பார்த்த வகுப்பறையின் சுவரில் அம்மா அட்டைதான் தொங்கியது. அம்மாவின் இடுப்பில் குழந்தை. ஔவையாரின் கையில் கோல். உரல் இருக்கிறது, குத்துகிறவளைக் காணோம். ஊஞ்சல் இருக்கிறது, ஆடுகிறவளைக் காணோம். ஐவர் என்ற இடத்தில் மட்டும் வேட்டி கட்டிய ஐந்து ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

ஔவையார் ஏன் கிழவியானார் என்பதற்கு நம்மிடம் ஒரு கதை உண்டு. கல்யாணப் பேச்சு வந்தபோது பிள்ளையாரிடம் வேண்டி இளமையைக் கொடுத்து முதுமையை வாங்கிக்கொண்டார் என்பார்கள். 1953இல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படமும் அதில் கே.பி. சுந்தராம்பாள் ஏற்ற தோற்றமும் அந்த உருவத்தை அசைக்க முடியாதபடி நிறுத்திவிட்டன. அதியமானோடு கள்ளைப் பகிர்ந்து, தொண்டைமானிடம் தூது போன புறநானூற்று ஔவை வேறு ஆள், வேறு காலம். அட்டைக்காரர்களுக்கு அவள் தேவைப்படவில்லை. ஒரு பெண் ஊர் ஊராகப் போய்ப் பாட வேண்டும், அரசனுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்றால் முதலில் அவளுடைய பெண்ணுடல் கண்ணில் படாமல் போக வேண்டும் என்பதுதான் அந்தக் கதையின் ஏற்பாடு. ஐந்து வயதில் பள்ளிக்கு வருகிற சிறுமி முதலில் பார்ப்பது இந்தச் சுவரைத்தான். பிள்ளை பெற்றால் ஒரு கட்டம், நரைத்தால் இன்னொரு கட்டம். அவள் வயதில் ஒருத்தியும் அதில் இல்லை. வாரத்தின் ஐந்து நாளும் அந்த அறையில் என்ன கற்பிக்கப்படுகிறது, பாடநூலில் இல்லாத எது அதோடு சேர்ந்து கற்பிக்கப்படுகிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

காவிரிக் கரையிலிருந்து சற்றுத் தள்ளிய சிற்றூரில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள். நான்கையும் ஐந்தையும் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில், ஒரே ஆசிரியையிடம். அவள் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த பிறகு என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்தவள். தமிழ்த் துறைகளின் வழக்கப்படி ஆண் பேராசிரியர் 'ஐயா', பெண் பேராசிரியர் 'அம்மா'. அவளும் என்னை அம்மா என்றுதான் அழைக்கிறாள். அட்டையின் முதல் கட்டத்திலிருந்து எங்களுக்கும் விடுதலை இல்லை.

2022 ஜூனில் தமிழ்நாடு அரசு 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் நேர்ந்த இழப்பைச் சரிசெய்து, எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் 2025க்குள் பொருள் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது இலக்கு. வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். பாட்டும் கதையும் பொம்மையுமாகப் பாடம் நடக்கிறது. குழந்தைகள் பெஞ்சில் வரிசையாக இல்லாமல் தரையில் வட்டமாக உட்காருகிறார்கள். இதற்கு முன்பிருந்த செயல்வழிக் கற்றல் காலத்தின் கறுப்புப் பட்டை, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரின் அடிப்பகுதியில் இன்னும் இருக்கிறது. நான் படித்த பள்ளியில் கரும்பலகை ஆசிரியரின் சொத்து. சாக்பீஸைக் கையில் எடுத்தால் அடி விழும். ஏழு வயதுப் பிள்ளை போகிறபோக்கில் சுவரில் ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போவதைப் பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. திட்டத்தைக் குறை சொல்லுவது இங்கே நோக்கமில்லை. அது எதை அளக்கிறது, எதை அளக்கத் தோன்றவே இல்லை என்பதுதான் கேள்வி.

அரும்பு, மொட்டு, மலர் என்ற பெயர்கள் அழகானவை. தமிழ் படித்தவளுக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தும். பாட்டியல் நூல்கள் பெண்ணை வயதுவாரியாக ஏழாகப் பிரிக்கின்றன. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கில் ஐந்திலிருந்து ஏழு வயது வரை பேதை, எட்டிலிருந்து பதினொன்று வரை பெதும்பை. அப்படியே மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை என்று போய் நாற்பதில் பேரிளம்பெண்ணோடு பட்டியல் முடிந்துவிடும். (இதை எழுதுகிறவளுக்கு அதில் இடமில்லை. ஒரு வகையில் நிம்மதிதான்.) பேதை என்றால் அறியாதவள் என்றும் பொருள். உலா இலக்கியத்தில் வீதியில் வரும் தலைவனைப் பார்க்க இந்த ஏழு பருவத்தாரையும் நிறுத்துகிறார்கள். ஐந்து வயதுக்காரியும் அந்த வரிசையில் நிற்க வேண்டும். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சேர்ந்தால் நம் இலக்கணத்துக்குப் பேதை வகுப்பு. பையன்கள் அதே வயதில் வெறும் பிள்ளைகள்.

திங்கட்கிழமை நான் கவனித்தது துடைப்பத்தை. காலை உணவு முடிந்ததும் இரண்டு சிறுமிகள் எழுந்து அறையைப் பெருக்கினார்கள். யாரும் சொல்லவில்லை. பள்ளி தொடங்குமுன் வாசலில் நின்றிருந்ததால் எந்தப் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதைப் பார்த்திருந்தேன். அந்த இருவரும் ஒரே தெரு. மற்றச் சிறுமிகள் நோட்டுப் புத்தகங்களை அடுக்கினார்கள், குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார்கள், ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டார்கள். பையன்கள் காத்திருந்தார்கள். வேலை பெண்களுக்கு, அதிலும் துடைப்பம் எந்தப் பெண்களுக்கு என்ற பாடம் அ எழுதத் தெரிவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடுகிறது. ஆசிரியை அன்று மாலையே முறைப்பட்டியல் ஒன்றை எழுதி ஒட்டினாள், பையன்களின் பெயர்களை முதலில் போட்டு. செவ்வாய் காலையில் ஒரு பையன் துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றான். வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, பசங்களப் போய்…" என்று வாக்கியத்தை முடிக்காமல் போனார். முடிக்காத அந்த வாக்கியத்தை எல்லாக் குழந்தைகளும் முடித்துக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். இந்தப் பள்ளியில் சமைக்கிறவரின் மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். பசியோடு உட்கார்ந்த குழந்தைக்கு எழுத்து ஏறாது என்பதை அறிந்தவர்கள் இந்தத் திட்டத்தின் அருமையை அறிவார்கள். எனக்குப் பிடித்தது இன்னொன்று. சம்பளத்துக்கு வேலை செய்கிற அம்மாவை மகள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். சுவரில் இருக்கிற அம்மா குழந்தையை மட்டுமே தூக்கிக்கொண்டிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே இருக்கிற அம்மா அண்டாவைத் தூக்குகிறாள்.

செவ்வாய்க்கிழமை கணக்கில் இது வெளியே வந்தது. "அப்பா சம்பளம் வாங்கி அம்மாகிட்ட 500 ரூபா குடுத்தார். அம்மா 200 ரூபாய்க்குக் காய் வாங்கினாங்க. மீதி எவ்வளவு?" ஆசிரியை போகிறபோக்கில் சொன்ன கணக்குதான். சமையல்காரரின் மகள் கையைத் தூக்கினாள். "எங்கம்மாதான் டீச்சர் சம்பளம் வாங்கும்." பக்கத்திலிருந்த பையன், "எங்கம்மா நூறு நாள் வேலைக்குப் போவும். எங்கப்பா அதுகிட்டதான் கேக்கும்" என்றான். மீதி எவ்வளவு என்ற கேள்வி அன்று முழுதும் பாக்கியாகவே நின்றது.

இந்த வகுப்பில் கேட்ட பேச்சில் ஒன்றைக் குறித்துக்கொண்டேன். ஒரு சிறுமி சரியாகப் படித்துவிட்டால் ஆசிரியை, "வெரிகுட்டா தங்கம்" என்கிறாள். 'டா' ஆண்பாலுக்கு உரியது. ஆனால் பெண் குழந்தையைக் கொஞ்சவும் பாராட்டவும் நாம் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறோம். மறுபக்கம் ஒரு பையனைப் பார்த்து 'டி' சொல்லிப் பாருங்கள். வகுப்பு அதிரும். அழுத பையனைப் பார்த்து இன்னொரு பையன், "என்னடி அழுவுற" என்றபோது அவன் அடிக்கப் போனான். பெண்ணை ஆணாக அழைத்தால் பாராட்டு, ஆணைப் பெண்ணாக அழைத்தால் அவமானம். நன்னூலில் இல்லாத இந்த இலக்கணத்தை ஒரு குழந்தையும் தவறாகப் போடவில்லை; எல்லோரும் இதில் மலர் நிலை.

புதன்கிழமை கதை நேரம். பாட்டி வடை சுட்ட கதை. தமிழ்நாட்டில் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர் யாருமில்லை. ஈசாப்பின் பெயரில் வழங்கும் மூலத்தில் காகத்தின் அலகில் பாலாடைக்கட்டி இருக்கிறது. அதைச் செய்தவர் யார் என்ற பேச்சே அதில் கிடையாது. நம் ஊருக்கு வந்தபோது கதையில் ஒரு பாட்டி சேர்ந்துகொண்டாள். மரத்தடியில் அடுப்பு, எண்ணெய்ச் சட்டி, வடை. தின்பண்டம் என்றால் அதை ஒரு கை செய்திருக்க வேண்டும், அந்தக் கை பெரும்பாலும் வயதான ஏழைப் பெண்ணின் கை என்பது நம் கதைசொல்லிகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் இரண்டாவது வாக்கியத்திலேயே அவளை விட்டுவிடுகிறார்கள். காகம் வடையை எடுத்த நொடியில் பாட்டியின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு கதை முழுதும் எடுத்தவருக்கும் ஏமாற்றியவருக்கும் நடக்கும் பேரம். காகம் வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடியதாக நாம் பிற்பாடு செய்த திருத்தத்திலும் புத்திசாலியானது காகம்தான். பாட்டிக்கு ஒரு வாக்கியம்கூடக் கூடவில்லை.

ஆசிரியை பொம்மைகளை வைத்துக் கதை சொன்னாள். பிறகு வழக்கமான கேள்விகள். காகம் எங்கே உட்கார்ந்தது? நரி என்ன சொன்னது? கதையிலிருந்து என்ன தெரிஞ்சுகிட்டீங்க? "ஏமாறக் கூடாது டீச்சர்" என்று வட்டம் முழுவதும் ஒரே குரலில் கத்தியது.

மூன்றாம் வகுப்பில் மஞ்சள் ரிப்பன் கட்டிய ஒரு சிறுமி. திங்களும் செவ்வாயும் அவள் குரலை நான் கேட்கவே இல்லை. "ரொம்ப நல்ல புள்ள, இருக்கிற இடமே தெரியாது" என்று தலைமையாசிரியர் அவளைப் பற்றிச் சொல்லியிருந்தார். அவள் மெதுவாக, "அப்ப பாட்டிக்கு டீச்சர்?" என்றாள்.

"பாட்டிக்கு என்னடா?"

"வடை போயிடுச்சுல்ல."

பல் விழுந்த பையன் ஒருவன் உடனே, "பாட்டி வேற சுட்டுக்கும்" என்றான்.

"மாவு யாரு குடுப்பா? எங்க ஆயா கடையில ஒரு இட்லி கீழ வுழுந்தாலே அன்னிக்கெல்லாம் திட்டும்."

இந்த இடத்தில் பெரும்பாலான வகுப்பறைகளில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். 'சரி சரி, உக்காரு' என்றால் கேள்வி முடிந்துபோகும். இவள் கையேட்டை மூடிக் கீழே வைத்தாள். வடைக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டாள். உளுந்து, எண்ணெய், வெங்காயம், விறகு, உப்பு. ஒவ்வொன்றின் விலையும் குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது; கடைக்குப் போகிற பிள்ளைகள். மூன்றாம் வகுப்பு கூட்டிப் பார்த்தது. இரண்டாம் வகுப்பு சொற்களைச் சுவரின் கறுப்புப் பட்டையில் எழுதியது. ஒன்றாம் வகுப்பு வட்டம் வட்டமாக வடை போட்டு எண்ணியது. நாள் முழுக்க எத்தனை வடை விற்றால் போட்ட காசு திரும்பும், ஒரு வடை போனால் எவ்வளவு போகும் என்று கணக்கு நடந்தது. பாட்டியின் கூலியை யாரும் சேர்க்கவில்லை என்பதை மஞ்சள் ரிப்பன்காரிதான் கண்டுபிடித்தாள். "அது சும்மாதான டீச்சர் சுடுது" என்றான் பல் விழுந்தவன். சும்மா என்ற சொல்லைச் சுற்றி ஐந்து நிமிடம் சண்டை. காக்காவுக்கும் பசிக்கும் என்று ஒரு கட்சி. பசித்தால் கேட்க வேண்டும் என்று இன்னொரு கட்சி. கேட்டால் பாட்டி கொடுக்குமா, காக்கா விரட்டப்படுமா என்று மூன்றாவது.

வீட்டு உழைப்புக்கு மதிப்பு போடுவது பற்றி நாம் எவ்வளவோ கருத்தரங்குகளில் பேசியிருக்கிறோம். இந்த நாற்பது நிமிடத்துக்கு இணையான ஓர் அமர்வை நான் அங்கே பார்த்ததில்லை. இந்தக் குழந்தைகளுக்குப் புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆயாவின் அடுப்பிலிருந்து ஏற்கெனவே தெரிந்ததைக் கதையின் மேல் வைத்துப் பார்க்க இடம் கிடைத்தது, அவ்வளவுதான். இலக்கியத் திறனாய்வு என்று பட்ட வகுப்பில் நாம் பெயர் வைத்துக் கற்பிப்பது இதைத்தான்: பிரதி யாரை இரண்டாவது வாக்கியத்தில் கைவிடுகிறது என்று கேட்பது. எட்டு வயதில் அது தானாக வந்தது. பதினெட்டு வயதில் கல்லூரிக்கு வரும்போது அந்தக் கேள்வி ஏன் காணாமல் போயிருக்கிறது என்பதற்கு வியாழக்கிழமையில் கொஞ்சம் விடை இருக்கிறது.

வியாழன் அன்று வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் வந்தார். பெண், என் வயது இருக்கும். அன்று அவர் போக வேண்டிய பள்ளிகளில் இது இரண்டாவது. வந்தவுடன் தண்ணீர் கேட்டுக் குடித்தார், குழந்தைகளோடு அன்பாகத்தான் பேசினார். பிறகு கைபேசிச் செயலியைத் திறந்து, அதற்கு வலை கிடைக்காமல் வேப்பமரத்தடிக்குப் போய், திரும்பி வந்து, கதைப் பாடத்தின் பயிற்சிப் பக்கம் ஏன் நிரப்பப்படவில்லை என்று கேட்டார். வடைக் கணக்கை ஆசிரியை சொன்னாள். "நல்லாருக்கும்மா. ஆனா இதை எதுல பதியறது?" என்றார் அவர். குறை சொல்லும் தொனி அதில் இல்லை. உண்மையாகவே அதற்கு ஒரு கட்டம் செயலியில் இல்லை.

பிறகு குழந்தைகளை ஒவ்வொருவராக அழைத்து வாசிக்கச் சொன்னார். பல் விழுந்த பையன் பாதிச் சொற்களை ஊகித்து, மீதியைக் கத்தி, தப்பும் தவறுமாக ஓட்டினான். "பயமில்லாம படிக்கிறான்" என்று சிரித்தார். மஞ்சள் ரிப்பன்காரி அட்டையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. "சத்தமா படிம்மா." இன்னும் மெல்லியதாக அசைந்தது. இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு அவளை மொட்டு என்று பதிந்தார். ஆசிரியை, "அவ நல்லா படிப்பா மேடம், புதுசா ஆள் வந்தா…" என்று தொடங்கினாள். நேரம் இல்லை.

இந்தச் சிறுமியின் மௌனத்துக்கு ஒரு வாரத்தில் இரண்டு விலை போடப்பட்டது. தலைமையாசிரியரிடம் அது நல்ல பிள்ளைக்கான அடையாளம். பயிற்றுநரிடம் அது வாசிக்கத் தெரியாததற்கான அடையாளம். வீட்டிலும் வகுப்பிலும் குரலைத் தாழ்த்தப் பழக்கிவிட்டு, அந்நியர் முன்னால் உரக்கப் படி என்று ஒரு நாள் கேட்டால் எங்கிருந்து வரும்? பையனின் ஊகத்தைத் துணிச்சல் என்று படிக்கிற அளவுகோல் பெண்ணின் தயக்கத்தையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அளக்கிற கருவி எழுத்தை மட்டும்தான் அளக்கிறது என்பார்கள். அது தொண்டையைத்தான் அளந்தது.

ஆசிரியை அன்று மதியம் சாப்பிடும்போது பேசவில்லை. பயிற்சிப் பக்கங்களை நிரப்பி, படம் எடுத்து ஏற்றி முடிக்க வேண்டியிருந்தது. வலை அன்று மாலைவரை வரவில்லை. இரவு வீட்டில் சமைத்து முடித்துவிட்டு ஏற்றினேன் என்று மறுநாள் சொன்னாள். தொடக்கப் பள்ளி ஆசிரியையை 'இரண்டாவது தாய்' என்று மேடைகளில் சொல்லும்போது நாம் கைதட்டுகிறோம். தாயின் வேலைக்கு நேரக் கணக்கு கிடையாது, கூலி கேட்பது அழகல்ல என்பதும் அந்தக் கைதட்டலில் சேர்ந்தே இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தத் தொழில் பெண்களுக்குத் திறந்த வரலாறு இதைவிடக் கறாரானது. குழந்தைப் பருவத்திலேயே கைம்பெண்ணாக்கப்பட்ட சகோதரி சுப்பலட்சுமி 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே இளம் கைம்பெண்களுக்கான இல்லத்தைச் சென்னையில் தொடங்கினார். அவர்களில் பலர் ஆசிரியைகளாகப் பயிற்சி பெற்றார்கள். 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி உருவானதிலும் அவர் பங்கு பெரியது. அந்த இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கானதாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் தாயாகும் வாய்ப்பே மறுக்கப்பட்ட பெண்கள் சம்பளத்துக்காகவும் சொந்தக் காலில் நிற்கவும் வந்த தொழில் இது. அதன் மேல் தாய்மையை ஏற்றியது பின்னால் வந்த அலங்காரம்.

வெள்ளிக்கிழமை கடைசி வேளை விளையாட்டு. பள்ளியின் மண் திடல் சிறியது. அதில் பையன்கள் பந்து உதைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் ஆடுகிற ஆட்டம் திடல் முழுதையும் எடுத்துக்கொண்டது. சிறுமிகள் வேப்பமரத்தின் நிழல் எவ்வளவோ அவ்வளவில் இருந்தார்கள். சிலர் சில்லு ஆடினார்கள். மஞ்சள் ரிப்பன்காரியும் இன்னும் இருவரும் ஈர மண்ணைக் குவித்து வீடு கட்டினார்கள். அறைகள், அடுப்படி, முன்னால் ஓர் இட்லிக் கடை, ஓட்டுச்சில்லில் காசு. அரை மணி நேர வேலை. பந்து அந்தப் பக்கம் வந்தது. பல் விழுந்த பையன் அதன் பின்னால் ஓடி வந்தான், பந்தை எடுத்தான், திரும்பும்போது தேவையே இல்லாமல் ஒரு காலை வைத்து வீட்டை மிதித்துவிட்டுப் போனான். சிரித்துக்கொண்டேதான் போனான்.

"சார், இவன் எங்க வீட்ட ஒடச்சிட்டான்" என்று மற்ற இருவரும் கத்தினார்கள். திண்ணையிலிருந்த தலைமையாசிரியர், "விளையாட்டுதான, விடுங்கம்மா. வேற கட்டிக்கங்க" என்றார். பாட்டி வேற சுட்டுக்கும் என்பதன் மறு பதிப்பு.

தமிழ் இலக்கியம் படித்தவர்கள் யாரும் இந்தக் காட்சியைப் பார்த்துத் திடுக்கிட மாட்டார்கள். நாங்கள் இதை ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறோம். பெயர் சிற்றில் சிதைத்தல். பிள்ளைத்தமிழில் முதல் ஏழு பருவங்கள் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பொது. அதற்குப் பிறகு பிரிகிறார்கள். பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல். ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். இதில் சிற்றில் என்பது வீடு கட்டுவது அல்ல. சிறுமிகள் கட்டிய மணல் வீட்டை உடைப்பது. உடைக்காதே என்று சிறுமிகள் கெஞ்சுவதாகப் பாட்டு அமையும். அந்தக் கெஞ்சலை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண் புலவர்கள். கெஞ்சலின் நோக்கம் தலைவனின் பெருமை. பெண் குரலில் நமக்குக் கிடைத்திருப்பது ஆண்டாள். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பகுதி முழுதும் இதே வேண்டுகோள்தான், ஆனால் மணலைச் சேர்த்த கையின் களைப்பும் முதுகின் வலியும் அங்கே தெரியும். கட்டியவளுக்கு மட்டுமே தெரிந்த விவரம் அது.

கலித்தொகையின் குறிஞ்சிப் பகுதியில் ஒரு பாட்டு. சிறு வயதில் தன் மணல் வீட்டைக் காலால் சிதைத்தவன், மாலையைப் பறித்தவன், பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன் பெரியவனாகி ஒரு நாள் தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வருகிறான். கொடுக்கப் போனவளின் கையைப் பிடிக்கிறான். அவள் அலறுகிறாள். தாய் ஓடி வருகிறாள். அவளோ, தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டான் என்று பொய் சொல்லிக் காப்பாற்றுகிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். தோழியிடம் தலைவி இதைச் சொல்லி மகிழ்வதாகப் பாட்டு. மிக நுட்பமான நாடகம், சந்தேகமில்லை. தமிழின் மிகச் சிறந்த பாடல்களில் ஒன்று. அவளுக்கு அவன் மேல் விருப்பம் இருப்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் உரைகளும் வகுப்புக் குறிப்புகளும் இந்தப் பாட்டின் தொடக்கத்தைக் கடந்துபோகிற வேகத்தைப் பாருங்கள். மிதித்ததும் பறித்ததும் 'இளமைக் குறும்பு' என்று ஒரே சொல்லில் முடிகின்றன. வீட்டை உடைப்பது காதலின் முதல் அத்தியாயம் என்று ஆகிவிடுகிறது. நூற்றாண்டுக்கணக்கில் படிக்கப்பட்ட அந்த வாசிப்பு தொடக்கப் பள்ளியின் திண்ணைவரை வந்து, விளையாட்டுதான விடுங்கம்மா என்று பேசுகிறது. பேருந்தில் உரசுகிறவனைப் பற்றி வீட்டில் சொன்னால், "நீ ஏன் அங்க போய் நின்ன" என்று கேட்கும் குரலும் இதே திண்ணையில் உட்கார்ந்திருப்பதுதான். விக்கிக்கொண்டான் என்று சொல்லக் கற்ற பெண்கள் நம் வகுப்புகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது கற்பிக்கும் ஒவ்வொருத்திக்கும் தெரியும்.

ஆசிரியை அந்தப் பாட்டை என்னிடம் படித்தவள்தான். திடலுக்கு வந்தவள் யாரையும் திட்டவில்லை, பையனை மன்னிப்புக் கேட்க வைக்கவும் இல்லை. மன்னிப்பு என்பது பையன்களுக்குச் சுலபமான வேலை, சொல்லிவிட்டு ஓடிவிடலாம். மூன்று சிறுமிகளையும் அவனையும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் பின்னால் போனேன். மஞ்சள் ரிப்பன்காரி ஒன்றும் சொல்லாமல் நின்றாள். மற்ற இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். "நீ எழுதுறியாடா?" என்று ஆசிரியை சாக்பீஸை நீட்டினாள்.

அவள் குந்தி உட்கார்ந்து சுவரின் கறுப்புப் பட்டையில் எழுதினாள். அவ்வளவு பெரிய எழுத்தில் அவள் எழுதி நான் பார்த்ததில்லை. 'அவன் எங்க வீட்ட ஒடச்சான் நாங்க சும்மா கட்டல.' முற்றுப்புள்ளி நடுவில் இல்லை. ஆசிரியை ஒற்றைத் திருத்தவில்லை, உடைத்தான் என்று மாற்றவும் இல்லை. செயலியின் கணக்கில் சொந்தமாக வாக்கியம் எழுதுவது மலர் நிலை. அது இனி அடுத்த மதிப்பீட்டில்தான் பதிவாகும்.

பையனை அழைத்து, "படி" என்றாள். இந்த முறை ஊகிக்க வழியில்லை, படம் கிடையாது, மனப்பாடமும் கிடையாது. அவன் விரலை எழுத்தின் மேல் வைத்தான். அ… வ… ன்… என்று கூட்டினான். நிறுத்தினான். மறுபடி கூட்டினான். பிறகு விரலை எடுக்காமல் திரும்பி, "இதுல அவன்னா யாரு டீச்சர்?" என்று கேட்டான்.